பந்தைப் பின்தொடர்ந்த குரல்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே மேலகரம் என்றோர் ஊர் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூரில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியைக் கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் மானியமாக அளித்தார் என்பதும், அந்நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது என்பதும் இப்பக்கத்தார் அறிந்த செய்திகள். அந்நூலில் வசந்தவல்லி பந்தாடுகிற பகுதியைச் சிருங்கார ரசத்துக்காகப் பாராட்டியவர்கள் பலர். எனக்கோ அது, ஆட்டத்தைக் காணாதவனுக்கு ஆட்டத்தைக் காதாலே காட்டுகிற கலையின் உத்தமமான உதாரணமாகத் தோன்றுகிறது. பந்து எழுந்து விழுகிற கதியே சந்தத்தின் கதியாகிவிடுகிறது. ஆடுகிறவளின் அணியும் அசைவும் அந்தக் கதி பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருகின்றன. விளையாட்டு வர்ணனை என்று நாம் இன்று சொல்லும் தொழிலுக்கு வேண்டிய லட்சணங்கள் யாவும் அங்கே இருக்கின்றன.

செவிக்கு முதல் ஸ்தானம் கொடுக்கும் சம்பிரதாயம் இந்த மலையடிவாரத்தில் பிற்காலத்திலும் அற்றுப்போகவில்லை. கவிதையைக் காதால் கேட்டே அநுபவிக்க வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தி வந்த ரசிகமணி டி. கே. சி., 1954-ல் காலமாவதற்கு முந்திய ஆண்டுகளைக் குற்றாலத்திலேயே கழித்தார். அதே காலத்தில்தான் வானொலி என்னும் புதிய சாதனம் கிராமங்களை எட்டிக்கொண்டிருந்தது. சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கிவிட்டன என்றாலும், திருநெல்வேலிக்கென்று ஒரு நிலையம் 1963 டிசம்பரில்தான் வாய்த்தது. அதுவரையிலும், அதற்குப் பிறகும்கூட, தென்பாண்டிச் சீமையின் ஜனங்கள் பிரியத்தோடு கேட்ட தமிழ்க்குரல் இலங்கையிலிருந்து வந்தது. மத்திய அலைவரிசை ஒலி வறண்ட நிலத்தைவிட உப்புநீரின் மேல் அதிக தூரம் தெளிவாகச் செல்லும் இயல்புடையது. ஆகையால் மன்னார் வளைகுடாவைத் தாண்டி வந்த கொழும்பு, இவ்வூர்த் தேநீர்க் கடைகளுக்குச் சென்னையைவிட நெருங்கிய அயலாகிவிட்டது.

கிரிக்கெட் வர்ணனையோ அக்காலத்தில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. பம்பாயில் 1930-களிலேயே தல்யார்கான் தனியொருவராக ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசிப் புகழ் பெற்றார். 1954-55-ல் சென்னை அணிக்கு முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்று தந்த தலைவர் பாலு அழகண்ணன் பின்னாளில் வர்ணனையாளராகிச் சேப்பாக்கத்து ஆட்டங்களை ஆங்கிலத்தில் அழகாக எடுத்துரைத்தார். ஆங்கிலம் அறியாத ரசிகனுக்கு அதிலிருந்து கிடைத்தவை ஓட்டங்களின் எண்ணிக்கையும், ஜனத்திரளின் ஆரவாரமும், அருகில் இருந்த படித்தவர் ஒருவர் மனமிரங்கிச் சொல்லும் விளக்கமும்தான்.

இந்தக் குறையைத் தீர்த்தவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர்; நாடகக்காரர்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். தென்காசியும் சாத்தான்குளமும் ஒரே நெல்லை ஜில்லாவாக இருந்த நாளில், அந்தச் சாத்தான்குளத்தைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு புகழ்பெற்றவர் அப்துல் ஜப்பார். இளமையில் இலங்கை வானொலி நாடகங்களில் நடித்துக் குரலைப் பக்குவப்படுத்திக்கொண்ட அவர், பிறகு அகில இந்திய வானொலியில் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையாளராக விளங்கி, 2020-ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தார். சென்னை வானொலியில் குழந்தைகளுக்கு 'வானொலி அண்ணா'வாக இருந்த கூத்தபிரானும் நாடகத்திலிருந்து இத்தொழிலுக்கு வந்தவரே.

நாடகப் பயிற்சி அவர்களுக்கு எதைக் கொடுத்தது? வானொலி நாடகத்தில் கதவும் தெருவும் மழையும் ஒலியால்தான் உண்டாக வேண்டும். நடிகனுக்கு முகபாவம் பயன்படாது. அப்படிப் பழகிய ஒருவர் மைதானத்தின் முன் அமரும்போது, பந்து வீச்சாளர் திரும்பி நடந்துபோகும் அந்தச் சில விநாடிகள் அவருக்கு வெறும் இடைவெளியாக இருப்பதில்லை. யார் எங்கே நிற்கிறார், கடற்காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, ஆடுகிறவர் மட்டையைத் தரையில் எப்படித் தட்டுகிறார் என்பவற்றையெல்லாம் அந்த நேரத்துக்குள் சொல்லி முடித்து, வீச்சாளர் ஓடிவரத் தொடங்கியதும் வாக்கியத்தைச் சுருக்கிக் குரலின் வேகத்தைக் கூட்டி, பந்து மட்டையில் படும் ஓசைக்குச் சரியாக வழிவிட்டு நிறுத்த வேண்டும். அடுத்த கணம் ஜனங்களின் கூச்சல் எழுந்துவிடும். அந்தக் கூச்சலுக்குக் காரணம் என்ன என்பதைக் கேட்பவன் தவித்துப்போவதற்குள் சொல்லியாக வேண்டும். ஒரு விநாடி தாமதித்தால் கேட்பவன் நம்பிக்கை இழந்துவிடுவான். ஒரு விநாடி முந்தினால் பொய் சொல்ல நேரும். ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தில் இதை ஆயிரக்கணக்கான முறை செய்த மனிதர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய நன்றியை இன்னும் முழுமையாகச் செலுத்தவில்லை.

தொலைக்காட்சியும் இப்பக்கத்துக்குத் தாமதமாகவே வந்தது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஒளிபரப்பு தொடங்கியும், தென்கோடிக்கு அந்தப் படம் எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியபோது, தென் மாவட்டங்களின் பல ஊர்களில் மாடிமேல் நெடிய கம்பம் நட்டு, ஆண்டெனாவைக் கடல் பக்கம் திருப்பிவைத்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படம் இங்குள்ளோர்க்குப் புரியாத சிங்களத்தில் பேசினாலும் மக்கள் பார்த்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் கொடைக்கானல் கோபுரம் எழுந்த பின்னரே தூர்தர்ஷன் இங்கே நிலைபெற்றது. 1993-ல் நடந்த ஹீரோ கோப்பை ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை பற்றிய வழக்கில், வானலைகள் பொதுச் சொத்து, அவற்றின்மீது அரசாங்கத்துக்கு ஏகபோகம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பளித்தது. தனியார் அலைவரிசைகள் பெருகின. ஆயினும் தமிழுக்கென்று ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தனி அலைவரிசை தொடங்கியது 2017-ல்தான்.

அதன்பின் ஸ்ரீகாந்த், சடகோபன் ரமேஷ், பத்ரிநாத் முதலிய முன்னாள் ஆட்டக்காரர்கள் தமிழ் பேசும் வர்ணனையாளர்களாயினர். ஆட்ட நுணுக்கத்தில் அவர்களுக்கு நிகர் பழைய வானொலிக்காரர்கள் அல்லர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பந்து சுழன்றதன் காரணத்தை அவர்கள் கையிலிருந்தே அறிந்தவர்கள். ஆனால் பிராந்திய மொழி வர்ணனை பெரும்பாலும் மும்பையிலுள்ள ஸ்டூடியோவில், திரையைப் பார்த்தே செய்யப்படுகிறது. தென்காசி வீட்டிலுள்ளவர் காணும் அதே படத்தையே வர்ணனையாளரும் காண்கிறார். காமிராவுக்கு வெளியே மேகம் கறுப்பதையோ, எல்லைக் கோட்டருகே ஒரு வீரர் நொண்டுவதையோ அவர் அறிய மார்க்கமில்லை. மௌனமாயிருக்க வேண்டிய இடத்தில் பேச்சு நிரம்பி வழிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது, திருநெல்வேலியை அடுத்த சங்கர் நகர் மைதானம் அதன் களங்களில் ஒன்றாயிற்று. கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயர் நிறுவிய சிமெண்டு ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. ஒரு காலத்தில் கொழும்பையும் சென்னையையும் காதால் எட்டிப் பிடித்த ஜில்லாவிலிருந்து ஆட்டங்கள் நாடெங்கும் ஒளிபரப்பாவது கண்டு உள்ளபடியே பெருமிதம் கொண்டேன்.

தமிழ்த் தொலைக்காட்சிக்கு அடுத்த தலைமுறை வர்ணனையாளர்களை எங்கே தேடுவது என்று யாரேனும் கேட்டால், கோயில் கொடை முடிந்து கிராமங்களில் நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டிகளுக்குப் போகச் சொல்வேன். அங்கே மைக் பிடிக்கிறவருக்குத் திரை இல்லை. முன் வரிசைக் கூட்டம் மறைப்பதால் பாதிப் பேருக்குக் களமும் தெரிவதில்லை. பாடிப் போகிறவரின் ஊரையும், அவர் எந்தக் காலை முன்வைக்கிறார் என்பதையும், பிடிக்க எத்தனை பேர் மிச்சம் என்பதையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போகிறார். பின்னால் நிற்கும் கிழவர்கள் அந்தக் குரலை வைத்தே ஆட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். 2014-ல் தொடங்கிய புரோ கபடியால் அந்த ஆட்டமே தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. அதைச் சொல்லத் தெரிந்த இம்மனிதர்களையும் கூடவே அழைத்துச் சென்றிருக்க வேண்டும்.