இஸ்தான்பூலின் பயணிகள் கப்பல்கள்: ‘கைர்’ என்ற பெயரில் ஓடிய கம்பெனி

ஐரோப்பாவிலும் ஆசியாவிலுமாக இரு கரைகளில் பரந்து கிடக்கும் நகரம் இஸ்தான்பூல். இடையே சுமார் 30 கி.மீ. நீளமுள்ள பாஸ்பரஸ் நீரிணை. அதன் மீது முதல் பாலம் திறக்கப்பட்டது 1973-ல்தான். அதுவரை ஒரு கரையில் குடியிருந்து மறு கரையில் தொழில் செய்தவர்கள் தண்ணீர் வழியாகவே போய்வந்தார்கள்.

நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தவை துடுப்புத் தோணிகள். 19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டாரின் நீராவிக் கப்பல்கள் வந்து பயணிகளை ஏற்றத் தொடங்கின. இச்சூழலில், நம்மவர்களே ஒரு கப்பல் நிறுவனம் நடத்தலாமே என்று 1850-ல் புர்ஸா நகரில் தங்கியிருந்தபோது திட்டம் எழுதியவர்கள் ஃபுஆத் பாஷாவும் அஹ்மத் ஜவ்தத் பாஷாவும். சுல்தான் அப்துல் மஜீதின் ஒப்புதலுடன் 1851-ல் நிறுவனம் உருவானது. உஸ்மானியப் பேரரசின் முதல் கூட்டுப் பங்கு நிறுவனம் இதுவே. சுல்தானும் அவரது தாயாரும்கூட பங்கு வாங்கினர்.

பெயரின் பொருள்

நிறுவனத்தின் பெயர் ‘ஷிர்கத்தே கைரிய்யா’. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு ‘ஷிர்கத்’ பழகிய சொல். பலர் முதல் போட்டு, லாப நஷ்டத்தில் பங்கேற்கும் கூட்டுத் தொழிலை ஃபிக்ஹ் நூல்கள் இப்பெயரால்தான் பேசுகின்றன. ‘கைர்’ என்றால் நன்மை. ஆக, நன்மைக்கான கூட்டு நிறுவனம்.

ஃபிக்ஹ் கூறும் ஷிர்கத்தும் நவீனக் கம்பெனியும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. எனினும், இத்திட்டத்தை எழுதிய ஜவ்தத் பாஷாதான் பின்னர் உஸ்மானிய சிவில் சட்டத் தொகுப்பான ‘மஜல்லா’வை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றார் என்பது கவனிக்கத்தக்கது. அத்தொகுப்பில் ஷிர்கத்துக்கென்றே தனிப் பாகம் உண்டு. மார்க்கக் கல்வி கற்ற ஓர் ஆலிம், நீராவி இயந்திரத்தைக் கண்டு ஒதுங்காமல் அதைத் தம் மக்களுக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று யோசித்திருக்கிறார்.

சுஹூலத்

நிறுவனத்தின் நிர்வாகி ஹுஸைன் ஹாக்கி எஃபெந்திக்கு ஒரு சிக்கல் இருந்தது. மனிதர்கள் கடந்துவிடுகிறார்கள், வண்டியும் குதிரையும் எப்படிக் கடப்பது? முன்னும் பின்னும் ஒரே மாதிரி அமைந்த, திரும்பாமலே இரு திசையிலும் செல்லக்கூடிய கப்பல் ஒன்று திட்டமிடப்பட்டு, இங்கிலாந்தில் கட்டப்பட்டு, 1872-ல் சேவைக்கு வந்தது. அதன் பெயர் ‘சுஹூலத்’, அதாவது எளிமை. அது 80 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

அக்காலக் கப்பல்களில் பெண்களுக்குத் திரையிட்ட தனிப் பகுதி இருந்தது. முதல் உலகப் போரில் இதே கப்பல்கள் கலிப்போலி போர்முனைக்குப் படைவீரர்களைக் கொண்டுசென்றன. காயமுற்றோரை ஏற்றித் திரும்பின. ஆங்கிலேய நீர்மூழ்கிகளின் தாக்குதலில் சில மர்மரா கடலில் மூழ்கின.

இன்று

1945-ல் அரசு இந்நிறுவனத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. இப்போது மாநகராட்சியின் ‘ஷெஹிர் ஹத்லரி’ நிறுவனம் கப்பல்களை இயக்குகிறது. மூன்று பாலங்களும், 2013-ல் கடலடியில் திறந்த மர்மராய் ரயில் பாதையும் வந்த பிறகும் ‘வாபூர்’ என்று மக்கள் அழைக்கும் இக்கப்பல்கள் நிற்கவில்லை. தேநீர்க் குவளையோடு அமர்ந்து, கடற்பறவைகளுக்கு எள் தூவிய ‘சிமித்’ ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி பயணிப்போரை இன்றும் காணலாம்.

பழைய கப்பல்கள் பல உடைக்கப்பட்டுவிட்டன. 1952-ல் இத்தாலியில் கட்டப்பட்ட ‘பாஷாபஹ்சே’ கப்பலுக்கும் அந்த நிலை வரவிருந்தது. ஓய்வு பெற்று, கரையோரம் சிதைந்து கிடந்த அதை, சுல்தான் முஹம்மத் ஃபாத்திஹ் காலத்தில் தோன்றிய ஹாலிச் கப்பல் தளத்தில் பழுதுபார்த்து, 2022-ல் மீண்டும் கடலில் இறக்கினர். காட்சிப் பொருளாக நிறுத்தாமல் பயணிகளை ஏற்றவே விட்டார்கள்.

முன்னோர் விட்டுச்சென்ற பொதுச் சொத்துகள் நம் ஊர்களிலும் உண்டு. அவற்றைப் பூட்டி வைத்துப் பெருமை பேசுவதைவிட, மக்களுக்குப் பயன்படும்படி நடத்துவதே அவர்கள் நாடிய ‘கைர்’.