20 கிலோ காசு: ஒரு செப்புச் சுரங்க ஊரின் கதை



பத்து ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர் வாங்க மறுத்தாலே நமக்கு எரிச்சல் வருகிறது. ஒரே காசு கிட்டத்தட்ட 20 கிலோ எடை இருந்தால் என்ன செய்வீர்கள்? சுவீடன் நாட்டில் 1644-ல் அப்படி ஒன்றை அடித்தார்கள். பார்வைக்கு நீள்சதுரச் செப்புத் தகடு. நான்கு மூலையிலும் நடுவிலும் முத்திரை. மதிப்பு 10 டாலெர். அந்த நாட்டில் வெள்ளி குறைவு, செம்பு ஏராளம்.

செம்பு வந்தது ஃபாலுன் என்ற சிற்றூரின் சுரங்கத்திலிருந்து. 17-ம் நூற்றாண்டின் உச்சத்தில் ஐரோப்பாவின் செம்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இங்கே கிடைத்தது. காமர்ஸ் படித்தவர்களுக்கு இன்னொரு செய்தி: இச்சுரங்கத்தின் எட்டில் ஒரு பங்கை வெஸ்டெரோஸ் நகரத்து ஆயர் திரும்பப் பெற்றதைச் சொல்லும் 1288-ம் ஆண்டுப் பத்திரம் இன்றும் இருக்கிறது. உலகின் மிகப் பழைய பங்குப் பத்திரம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

வங்கியில் சில்லறை மூட்டை தூக்கிப் பழகியவன் நான். 20 கிலோ தகட்டை யாரும் மடியில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போக முடியாது என்று எனக்குத் தெரியும். ஸ்டாக்ஹோமில் யோஹான் பால்ம்ஸ்ட்ரூக் என்பவர் நடத்திய வங்கி, 1661-ல் தகட்டுக்குப் பதிலாகக் காகிதம் கொடுத்தது. ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு அதுதான். மக்கள் விரும்பி வாங்கினார்கள். வங்கியும் கையிருப்பைப் பார்க்காமல் நோட்டை அச்சடித்துக் கடன் கொடுத்தது. மூன்றே வருடத்தில், நோட்டைக் கொண்டுவந்தவர்களுக்குக் கொடுக்க உலோகம் இல்லை. வங்கி மூழ்கியது. அதன் பிறகு 1668-ல் நாடாளுமன்றத்தின் பொறுப்பில் தொடங்கிய வங்கிதான் இன்றைய சுவீடன் மத்திய வங்கி.

சுரங்கத்திலும் இதே கணக்குத்தான். பாறையைத் தீ மூட்டிச் சூடாக்கி, விரிசல் விட்டதும் உடைத்தெடுப்பார்கள். பல நூற்றாண்டுகள் திட்டமின்றித் தோண்டியதில் உள்ளே பெரிய பெரிய குகைகள். மேலே இருப்பதைத் தாங்க வேண்டிய தூண்களும் இடைச்சுவர்களும் போதவில்லை. 1687 ஜூன் 25 அன்று எல்லாம் ஒன்றாகச் சரிந்து, சுமார் 95 மீட்டர் ஆழத்துக்குப் பெரும்பள்ளம் விழுந்தது. அன்று கோடைத் திருவிழா. தொழிலாளர்களுக்கு வருடத்தில் அபூர்வமாகக் கிடைக்கும் விடுமுறை. அதனால் ஒருவரும் சாகவில்லை.

அதற்குப் பிறகும் 1992 டிசம்பர் வரை சுரங்கம் நடந்தது. 2001-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. சுவீடனின் மரவீடுகளுக்கு அடிக்கும் சிவப்புச் சாயம் இச்சுரங்கத்துக் கழிவிலிருந்து வருவதே.

இந்தக் கதையை நம் இதழில் எழுதக் காரணம் உண்டு. மாதப் பராமரிப்புத் தொகையைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கார்பஸ் நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்ற பேச்சு காதில் விழுகிறது. ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தூணும் கையிருப்பும் சும்மா கிடப்பது போலத்தான் தெரியும். சுவரைத் தொடுமுன் பொறியாளரைக் கேளுங்கள். நிதியைத் தொடுமுன் பொதுக்குழுவுக்கு வந்து, வரவு செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கை தூக்குங்கள்.