உப்புக்கு வெட்டிய ஆறு

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு உப்புக்காகவே வெட்டப்பட்டது என்கிறது யாழ்ப்பாண வைபவமாலை. கரணவாய்ப் பக்கம் விளைந்த உப்பைச் சோழநாட்டுக்கு ஏற்றிப்போகக் கருணாகரத் தொண்டைமான் அதைக் கடல்வரை வெட்டுவித்தானாம். அதே ஆற்று வாயில் 1953இல் குறுக்கணை எழுந்தது, கடலின் உப்பு உள்ளே வராமல் தடுக்க.

அணைக்கு உட்புறத்து வடமராட்சி நீரேரியில் மாரி வெள்ளம் தங்கினால் கரையோர வயலும் கிணறும் உவர் நீங்கும் என்பது கணக்கு. ஆனால் கடலை இங்கே மறித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே அதற்குக் கீழிருந்து வேறொரு வழி திறந்தது. கிணற்றடிக்கு இறைப்பு மிசின் வந்தது.

அதற்கு முன் துலாதான். ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் வார்ப்பார். இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். வெயில் ஏற ஆட்கள் களைத்துவிடுவார்கள். அவர்கள் ஆறும் நேரத்தில் கிணறும் ஊறிவிடும். மிசினுக்குக் களைப்பில்லை.

குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். மிசினின் ஓயாத இறைப்பால் மேல்மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், உவர்நீர் நாளடைவில் 40 அடி மேலேறும். கிணற்றை எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது.

தெரிவது பயிரில். பாத்தி ஈரமாக இருக்கும், வெங்காயத் தாளோ நுனி கருகி நிற்கும். மண்நீரில் உப்பு மிஞ்சினால் வேரால் அந்த நீரை உறிஞ்ச முடியாது. வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். அமெரிக்காவின் மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977இல் வெளியிட்ட அட்டவணைப்படி, மண்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டியதும் வெங்காய விளைச்சல் குறையத் தொடங்கும். அதன்பின் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் 16 சதவீதம் போகும். மிளகாய் தாங்குவது 1.5 வரை. பார்லியோ 8 வரை அசையாது. யாழ்ப்பாணத்தான் உயிராய் நம்பியதோ வெங்காயத்தையும் மிளகாயையும்!

மாரி நன்றாகப் பெய்தால் செம்மண்ணின் உப்பு கழுவப்பட்டுக் கீழிறங்கும். அந்த மழையைக் கடலுக்கு விடாமல் பிடிக்கத்தான் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் திட்டம் வரைந்தார்: ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்குத் திருப்புவது. 1955இல் அரியாலையிலும் அணை வந்தது. முள்ளியான் வாய்க்கால் முடியாமலே கிடந்தது. பிறகு யுத்தம். பார்ப்பாரற்ற அணைகளின் பலகைகள் உக்கின; தொண்டைமான் வெட்டிய வழியே கடல் மறுபடி உள்ளே வந்தது.