சிறையிலிருந்து வந்த ஆறுதல்

சென்ற மாதம் ஒரு சிறைக் கைதியிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. பணமோ சிபாரிசோ அவர் கேட்கவில்லை. சிநேகிதர் என்று சொல்லிக்கொள்ள வெளியே தமக்கு ஒருவரும் இல்லை, அவ்வப்போது ஒரு கடிதம் எழுத முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தார். பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. வெளியே இருப்பவன் கொடுக்க வேண்டியவன், உள்ளே இருப்பவன் வாங்க வேண்டியவன் என்று எண்ணி, கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று நாளைக் கடத்தினேன். அப்போதுதான் ரோஸா லக்ஸம்பர்க் அம்மையாரின் நினைவு வந்தது.

ருஷ்ய ஆட்சியிலிருந்த போலந்தில் பிறந்து, ஜெர்மனியில் குடியேறிய சோஷலிஸ்ட் அவர். முதல் உலக யுத்தத்தை எதிர்த்தார். 1916 ஜூலையில் ஜெர்மன் அரசாங்கம் அவரை விசாரணையின்றிச் சிறையில் அடைத்தது. 'பாதுகாப்புக் காவல்' என்று அதற்குப் பெயர். யாருக்குப் பாதுகாப்பு என்று மட்டும் கேட்கக் கூடாது! முதலில் பெர்லின், பிறகு வ்ரோன்கே, 1917 ஜூலையிலிருந்து பிரெஸ்லாவ் என்று சிறை மாற்றினார்கள்.

அவருடைய தோழர் கார்ல் லீப்னெக்ட்டும் அப்போது வேறொரு சிறையில் இருந்தார். கார்லின் மனைவி சோஃபி மட்டும் வெளியே, தனிமையில். அந்தச் சோஃபிக்குத்தான் ரோஸா கடிதம் மேல் கடிதமாக எழுதினார். சிறைக் கடிதங்களுக்குத் தணிக்கை உண்டு. அரசியலைத் தாராளமாக எழுத வழியில்லை. ஆகவே ஜன்னலுக்கு வரும் சிட்டுக்களையும், வானத்து மேகங்களையும், முளைத்து வரும் செடிகளையும் எழுதினார். படித்த புத்தகங்களைப் பற்றி எழுதினார். கைதி ஒருவர், சுதந்திரமாக இருக்கும் பெண்ணுக்கு மனத்தைத் தளரவிடாதே என்று தைரியம் சொன்னார்!

அவருக்குத் துக்கம் இல்லாமலில்லை. நெருங்கிய நண்பரான டாக்டர் ஹான்ஸ் டீஃபன்பாக் 1917 அக்டோபரில் போர்முனையில் மாண்டார். அதற்கு இரண்டு மாதம் கழித்து ரோஸா எழுதிய கடிதம் ஒன்று உண்டு. ருமேனியாவிலிருந்து பிடித்து வந்த எருமைகள், ராணுவ உடைகள் ஏற்றிய பார வண்டியைச் சிறை முற்றத்துக்குள் இழுத்து வருகின்றன. சிப்பாய் ஒருவன் சாட்டைக் கட்டையால் அடிக்கிறான். தடித்த தோல் கிழிந்து ரத்தம் வடிகிறது. அந்த வாயில்லா ஜீவனைப் பார்த்து நின்று ரோஸா அழுகிறார். தமக்காக அழாதவர், எருமைக்காக அழுதார். அந்தக் கண்ணீரைப் பகிர்ந்துகொள்ள அவருக்குச் சோஃபி வேண்டியிருந்தது. ஆறுதல் சொன்னவருக்கும் கேட்க ஒரு காது தேவைப்பட்டது என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

1918 நவம்பரில் ரோஸா விடுதலையானார். ஆனால் 1919 ஜனவரி 15-ந் தேதி அவரும் கார்லும் பெர்லினில் கொலையுண்டார்கள். சோஃபி கணவனையும் சிநேகிதியையும் ஒரே நாளில் இழந்தார். மிஞ்சியவை கடிதங்கள். 1920-ல் அவை சிறு புத்தகமாக வெளிவந்தன.

அன்று இரவே என் கைதி நண்பருக்குப் பதில் எழுதினேன். தைரியம் சொல்லவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் மழை பெய்ததை எழுதிவிட்டு, "உங்கள் ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.