புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்

தமிழர் உணவு முறை பற்றி எழுதுவோருள் சிலர், உயிர்ச்சத்து என இன்று வழங்கப்பெறுவதனை நம் முன்னோர் முன்னரே அறிந்திருந்தனர் என்பர். அதற்குச் சான்றாகப் புழுங்கலரிசியைக் காட்டுவதும் உண்டு. புழுங்கலரிசி உண்டோரைப் பெரிபெரி என்னும் கொடுநோய் பெரும்பாலும் அணுகவில்லை என்பது உண்மையே. ஆயின், ஒரு வழக்கம் நன்மை பயத்தல் வேறு. அந்நன்மையின் காரணத்தை அறிதல் வேறு. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. முன்னோர்க்கும் பெருமை தாராது. பெரிபெரியின் காரணம் அறியப்பட்ட வரலாற்றைக் கொண்டு இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்துதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரிபெரி என்பதனைச் சிங்களச் சொல்லின் வழிவந்தது எனப் பலர் கருதுவர். 'இயலாது' என்பது அதன் பொருள் என்பர். பொருத்தமான பெயரே. கால்கள் உணர்விழந்து தளரும். சிலர்க்கு உடல் வீங்கும். நெஞ்சப்பை வலியிழந்து உயிர் பிரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நீராவியால் இயங்கும் ஆலைகள் நெல்லை முற்றத் தீட்டி வெள்ளரிசியாக்கத் தொடங்கிய பின்னர், இந்நோய் கீழை நாடுகளில் பெருகிற்று. ஒருங்கே சமைத்து உண்போர் வாழ்ந்த கப்பல்களும் சிறைகளும் சுரங்கங்களும் படைவீடுகளும் அதற்கு உறைவிடங்களாயின.

சப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கனேகிரோ உணவின்மேல் முதலில் ஐயுற்றோருள் ஒருவர். 1882-83 இல் நெடும்பயணம் சென்ற 'ரியூசோ' என்னும் கப்பலில் 376 பேருள் 169 பேர் நோயுற்றனர். 25 பேர் இறந்தனர். 1884 இல் 'சுகுபா' என்னும் கப்பல் அதே வழியில் மாற்றிய உணவுடன் அனுப்பப்பெற்றது. அதில் நோயுற்றோர் சிலரே. பெரிபெரியால் இறந்தோர் எவருமிலர். எனினும், ஊனாக்கும் சத்தாகிய புரதத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என அவர் கருதினார். மருந்து சரியாயிற்று, காரணம் பிழையாயிற்று.

சாவகத்தின் பத்தேவியா நகரில் ஆய்ந்த தச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசிச்சோறு தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தீட்டாத அரிசி பெற்றவை தேறுவதையும் கண்டார். அவர் வேண்டுகோளின்படி வோர்தர்மன் என்பார் 101 சிறைகளில் ஆராய்ந்து, வெள்ளரிசி வழங்கிய சிறைகளிலேயே நோய் மிக்கிருந்தது என 1897 இல் அறிவித்தார். ஆயினும் எய்க்மன், அரிசியின் மாவில் நஞ்சு உண்டு என்றும், தவிட்டில் அதன் முறிவு உண்டு என்றும் முதலில் எண்ணினார். உணவில் இன்றியமையாத ஒன்று இல்லாமையே நோய் என்னும் கருத்தை 1901 இல் நாட்டியவர் அவருக்குப்பின் அங்கு ஆய்ந்த கிரெய்ன்சு ஆவார். இருப்பதால் அன்றி இல்லாமையாலும் நோய் வரும் என்னும் இக்கருத்தே உணவியலின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

இனி, தமிழர் இவ்வரலாற்றில் இடம்பெறும் பகுதியைக் காண்போம். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் வெள்ளரிசி உண்டு பெருந்தொகையினராய் மாண்டனர். அதே நாட்டில் தோட்டங்களிலும் பாதைகளிலும் உழைத்த தமிழர் இந்நோய்க்கு அரிதாகவே ஆளாயினர். இருசாரார்க்கும் வறுமையும் வெயிலும் ஒத்தன, அரிசியே ஒவ்வாதது. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இதனைக் கூர்ந்து நோக்கிய பிராடன் என்னும் மருத்துவர் 1907 இல் தம் நூலை வெளியிட்டார். அவரும் வெள்ளரிசியில் நஞ்சு உண்டு என்றே எண்ணினார். அவ்வாண்டிலேயே பிளெச்சர் என்பார், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பகுதியினர்க்கு வெள்ளரிசியும் மறுபகுதியினர்க்குப் புழுங்கலரிசியும் அளித்துக் கண்டதை வெளியிட்டார். முன்னவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். பின்னவருள் ஒருவரும் இறந்திலர். தம் இசைவைத் தெரிவிக்கவும் இயலாதார்மேல் நிகழ்ந்த சோதனை இது என்பதனையும் நாம் மறத்தலாகாது. பின்னர்ப் பிரேசர், சுடாண்டன் என்னும் இருவர் சாவகத் தொழிலாளர் முந்நூற்றுவரிடை ஆராய்ந்து இம்முடிபை 1909 இல் உறுதி செய்தனர்.

காசிமிர் பங்கு என்பார் 1912 இல் 'வைட்டமின்' என்னும் சொல்லைப் படைத்தார். 1926 இல் யான்சன், தோனத் இருவரும் பத்தேவியாவில் அரிசித் தவிட்டினின்றும் அச்சத்தைப் படிகமாகப் பிரித்தனர். அதுவே தயமின். மாப்பொருளை உடல் ஆற்றலாக மாற்றுதற்கு அது வேண்டும். ஆதலின் சோறே மிகுதியாக உண்பார்க்கு அதன் தேவையும் மிகும். நாளொன்றுக்கு வேண்டுவது ஒரு மில்லிகிராமை ஒட்டிய அளவே. நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால், மேலுறையிலும் முளையிலும் உள்ள இச்சத்து நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே செல்கின்றது. பின்னர்த் தீட்டினும் பெரும்பகுதி எஞ்சுகின்றது. புழுங்கலின் மறைபொருள் இதுவே.

இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனரோ? அவித்த நெல் குற்றும்போது எளிதில் நொறுங்காது, அரிசி நெடுநாள் கெடாது, சோறு குழையாது. வழக்கம் நிலைபெற இப்பயன்களே போதியவை. மொழியும் நமக்கு ஒரு சான்று தருகின்றது. உமி, தவிடு, நொய், குறுநொய் என ஒவ்வொன்றனையும் பிரித்துப் பெயரிட்ட மக்கள், தவிட்டை மாட்டுக்கு இட்டனர். பிறந்த குழந்தைகள் இறந்துபடும் வீட்டில் அடுத்துப் பிறந்ததைத் 'தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை' என்றனர். விலையின்மைக்கு அடையாளமாகவே தவிடு அங்கு நின்றது. வழிபாட்டிலும் பொங்கலிலும் முதலிடம் பெற்றது பச்சரிசியே, புழுங்கல் அன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் அளவும் பசியும் செரிமானமும் உடலுக்கு ஒத்த உணவும் நோக்கி உண்ணுமாறு அறிவுறுத்துகின்றது. அஃது என்றும் போற்றத்தக்க அறிவு. ஆயின் அதனுள் வைட்டமினைத் தேடுதல் ஆராய்ச்சியாகாது.

இவ்வாறு கூறுவது முன்னோரைக் குறைத்தல் அன்று. தகாகியும் எய்க்மனும் பிராடனும் பயனைக் கண்டு காரணத்தில் தவறினர். அதனால் அவர்தம் பணி சிறுமையுறவில்லை. காரணம் அறியாமலே ஒரு நன்மையை நூற்றாண்டுகளாகக் காத்துவந்த சமுதாயத்தின் பணியும் அத்தகையதே. ஆனால் காரணம் அறியாத வழக்கம் எளிதில் கைநழுவும். சென்னை மாகாணத்தின் வடபகுதியாகிய ஆந்திரக் கடற்கரையில், ஆலையிலே தீட்டிய பச்சரிசி உண்ட மக்களிடையே பெரிபெரி நிலவிற்று; புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்கள் தப்பின. குன்னூரில் மெக்காரிசன் 1918 இல் தொடங்கிய ஆய்வு பெரிபெரி ஆய்வாகவே தொடங்கிற்று. 1958 இல் ஐதராபாத்துக்கு மாறிய அந்நிலையம் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. இன்றும் அரிசியைப் பன்முறை களைந்து கழுநீரையும் வடித்த கஞ்சியையும் கொட்டுவோர், முன்னோர் காத்த சத்தின் ஒரு பகுதியை நீரோடு போக்குகின்றனர். பருப்பும் பயறும் கீரையும் உடன்சேரா வெறுஞ்சோறு எவ்வரிசியாயினும் நிறைவான உணவாகாது.

எனவே, முன்னோர் எல்லாம் அறிந்தனர் என்பதும் ஒன்றும் அறியார் என்பதும் ஒருங்கே விலக்கத்தக்கன. நெல்லை ஊறவைத்து, அவித்து, முற்றத்தில் உலர்த்திக் குற்றிய பெண்டிர் வைட்டமின் என்னும் சொல்லைக் கேட்டவரல்லர். அவர்தம் கைவினையின் பயனை மலாயாவில் உழைத்த பெயரறியாத் தமிழரின் உடலே மெய்ப்பித்தது. அப்பயனை உள்ளவாறு எழுதுதலே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பு என்று கருதுகின்றோம்.