கடலோர ஒழுங்குமுறை மண்டலம்

இந்தியக் கடற்கரையில் கட்டுமானத்தையும் தொழில்களையும் கட்டுப்படுத்தும் விதிகளுக்கு உட்பட்ட பகுதி கடலோர ஒழுங்குமுறை மண்டலம். பேச்சுவழக்கில் சி.ஆர்.இசட். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரி 19 அன்று முதல் அறிவிக்கை வெளியானது. 2011இலும் 2019இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன. ஒரு மாநிலம் தன் கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தைத் திருத்தி மத்திய அரசின் ஒப்புதலைப் பெற்ற பிறகே 2019 விதிகள் அங்கு செல்லும். அதுவரை 2011 விதிகள்தான். மனை விற்பவர்கள் இதைச் சொல்வது அரிது.

கடல் ஓதம் ஏறும் உச்ச எல்லையிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை மண்டலம் நீள்கிறது. ஓதம் ஏறி இறங்கும் கழிமுகங்கள், உப்பங்கழிகளின் கரைகளும் அடங்கும். அங்கே 2011 விதிப்படி 100 மீட்டர், 2019 விதிப்படி 50 மீட்டர், அல்லது நீர்நிலையின் அகலம். இவற்றில் எது குறைவோ அது. கடல் கண்ணுக்கே தெரியாத மனையும் இதனால் மண்டலத்துக்குள் வரலாம்.

மண்டலம் நான்கு வகைப்படும். அலையாத்திக் காடு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் கரை போன்றவை முதல் வகை, நீர்ப்பரப்பு நான்காவது. வீடு கட்டுவோருக்கு முக்கியமானவை இடையிலுள்ள இரண்டும். வளர்ந்த நகர்ப்பகுதியான இரண்டாம் வகையில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம். ஊர்ப்புறமான மூன்றாம் வகையில் கடலிலிருந்து முதல் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகச் சுருக்கியது. கடல் அரிப்பு மிகுந்த கரைகளில் இது துணிச்சலான தளர்வு.

பட்டாவும் வில்லங்கச் சான்றும் நிலம் யாருடையது, அதன் மீது என்ன பாக்கி என்று சொல்லும். கட்டலாமா என்று சொல்லா. உள்ளாட்சியின் கட்டட அனுமதியும் தனித்துப் போதாது என்பதைக் கேரளத்தின் மரடு காட்டியது. கொச்சியை ஒட்டிய அவ்வூரில் ஊராட்சி அனுமதியோடு எழுந்த நான்கு அடுக்ககங்களுக்குக் கடலோர மேலாண்மை ஆணையத்தின் இசைவு இல்லை. உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. தவறு செய்தது கட்டியவரும் அனுமதித்தவரும், வீடிழந்ததோ வாங்கியவர்கள்.

2019 விதிப்படி இரண்டாம், மூன்றாம் வகைப் பகுதிகளின் திட்டங்களை மாநில ஆணையமும், மற்ற இரண்டையும் மத்திய அமைச்சகமும் பரிசீலிக்கின்றன. மனையின் எல்லையை 1:4,000 அளவு வரைபடத்தில் பொருத்திக் காட்ட வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களே இதைத் தயாரிக்கலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றுள் ஒன்று. தாமே குடியிருக்க 300 சதுர மீட்டருக்குள் கட்டும் வீட்டுக்கு ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை, உள்ளாட்சியே அனுமதிக்கலாம். தடைப் பகுதிக்குள் இச்சலுகை இல்லை. கடலோர மனை வாங்குவோர் முன்பணம் கொடுக்குமுன் புல எண்ணை அந்த வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும்.