கேம்ஷாஃப்ட் மட்டும் மாத்தினா போதுமா? ஹோண்டாவுக்கு நடந்த கதை

இந்த எபிசோடு என் சொந்த நஷ்டத்திலிருந்து ஆரம்பிக்குது.

என்னோட 150 சிசி வண்டியில திடீர்னு டேப்பெட் சத்தம். மெக்கானிக் அண்ணன் ஹெட் கவரைக் கழற்றி டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "கேம் போயிடுச்சு தம்பி"ன்னார். நானும் எட்டிப் பார்த்தேன். வழவழன்னு இருக்க வேண்டிய கேம் மேடு அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருந்தது.

புது கேம்ஷாஃப்ட் வந்தது. அவர் மாட்டுவதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். மேக்னெட் பக்கத்து மூடியைத் திறந்து, என்ஜினைக் கையால சுற்றி, 'டி' மார்க்கைச் சரியா நிறுத்தினார். இப்போ பிஸ்டன் உச்சியில் இருக்கு. டைமிங் செயின் பல்சக்கரத்தில் இருக்கிற கோடு ஹெட்டின் விளிம்போடு நேரா வரணும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வால்வு திறக்கிற நேரமே மாறிடும். கேம் மேல நிறைய ஆயில் தடவினார். புது கேம் முதல் சில நொடிகள் காய்ஞ்சு ஓடக்கூடாது. டென்ஷனரை மாட்டி, ஃபீலர் கேஜ் விட்டு வால்வு கேப் வெச்சார். ஸ்டார்ட் பண்ணினா சத்தமே இல்லை.

நாலே மாசம். திரும்ப அதே சத்தம்.

இரண்டாவது தடவை பிரிச்சப்போ கேமைத் தாங்குற பேரிங்கை விரலால சுத்திப் பார்த்தார். கரகரன்னுச்சு. போன தடவை கேமை மட்டும் மாத்திட்டு, பழைய பேரிங்கையே விட்டுட்டோம். ஆட்டம் கண்ட பேரிங்ல உட்கார்ந்த புது கேமும் அதே மாதிரி தேய்ஞ்சிருக்கு. சாஃப்ட்வேர்ல இதை தினம் பண்றோம். கிராஷ் ஆன சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணிட்டு டிக்கெட்டை மூடிடுவோம்.

அன்னைக்கு ராத்திரி கேம் தேய்மானம் பத்திப் படிக்கப் போய்தான் இந்தக் கதை கிடைச்சது. கிட்டத்தட்ட இதே தப்பு. செஞ்சது உலகத்தின் மிகப்பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனம்.

1980களின் தொடக்கம். ஜப்பானில் ஹோண்டாவுக்கும் யமஹாவுக்கும் முதலிடத்துக்கான போட்டி உச்சத்தில் இருந்தது. யமஹாவை மூச்சுவிட விடாமல் ஹோண்டா புதுப்புது மாடல்களாக இறக்கிக்கொண்டே இருந்தது. 1983இல் யமஹா தலைவரே தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த அவசரக் காலத்தில் பிறந்த குடும்பம்தான் ஹோண்டாவின் வி4. 1982இல் சேபர், மேக்னா. 1983இல் வி.எஃப்.750எஃப், அமெரிக்காவில் இன்டர்செப்டர் என்ற பெயரில்.

அந்த என்ஜினைக் காகிதத்தில் பார்த்தாலே ஆசையா இருக்கும். 90 டிகிரியில் பிரிந்து நிற்கும் நாலு சிலிண்டர், தண்ணீர் குளிர்ச்சி, 16 வால்வு, நாலு கேம்ஷாஃப்ட். பத்திரிகைகள் கொண்டாடின. வாங்கியவர்களும் கொண்டாடினார்கள், சத்தம் வரும் வரை.

ஹெட் கவரைத் திறந்தால் கேம் மேடுகளில் குழி. ரொம்ப ஓடாத வண்டிகளிலும் இதே கதை. பிரிட்டனில் இதற்கு 'சாக்லேட் கேம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் கரையுதாம். வாரன்டியில் புது கேம் மாட்டிக் கொடுத்தார்கள். அதுவும் தேய்ந்தது.

முதல் சந்தேகம் எண்ணெய் மேல். நியாயமான சந்தேகம்தான். இந்த வி4இல் ஹெட்டுக்குப் போகும் எண்ணெய் நேராகப் போவதில்லை, கியர்பாக்ஸ் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். அதனால் மெயின் கேலரியிலிருந்து ஹெட்டுக்கு நேராக எண்ணெய் கொண்டுபோகும் கிட்களை வெளியாட்கள் விற்றார்கள். ஹோண்டாவும் எண்ணெய் வழியில் மாற்றங்கள் செய்தது. எண்ணெய் கூடியது, தேய்மானம் நிற்கவில்லை.

அடுத்த சந்தேகம் மெக்கானிக் மேல். வால்வு கேப் சரியாக வைக்கவில்லை என்றார்கள். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்த என்ஜினில் ஒரு ராக்கர் இரண்டு வால்வைத் தள்ளும். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு ஃபீலர் கேஜ் விட்டு அளக்க வேண்டும். கேஜை உள்ளே விட்டதும், தளர்வாக உட்கார்ந்திருக்கும் கேம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிடும். அப்போ நீங்க அளப்பது வால்வு கேப்பையும் பேரிங் தளர்வையும் சேர்த்து. இதற்காகவே கேமை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு தனி டூலை ஹோண்டா கொடுத்தது. யோசிச்சுப் பாருங்க: கேம் நகருதுன்னு தெரிஞ்சு, அதைப் பிடிச்சுக்க டூல் வரைக்கும் செஞ்சாச்சு. ஏன் நகருதுங்கிறதுதான் உண்மையான கேள்வி.

பதில் கேமில் இல்லை, கேம் உட்காரும் இடத்தில் இருந்தது. என் வண்டியில் இருப்பது போல பால் பேரிங் இதில் கிடையாது. கேம் நேரடியாக அலுமினியத்தில் சுழல்கிறது. கீழ்ப்பாதி ஹெட்டில் குடைந்த பள்ளம், மேல்பாதி போல்ட் போட்டு முறுக்கும் கேப். நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும். என்ஜின் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் கேம் 5,000 சுற்று சுற்றும். இதில் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி கூடினாலே கேம் துள்ள ஆரம்பிக்கும்.

வழக்கமாக கேப்பை ஹெட்டில் முறுக்கிய பிறகு, இரண்டையும் சேர்த்து ஒரே நேர்கோட்டில் குடைவார்கள். லைன் போரிங் என்பது இதுதான். நம்ம வீட்டு எவர்சில்வர் டப்பா மாதிரி, அந்த மூடி அந்த டப்பாவுக்கு மட்டும்தான் சேரும். ஆரம்பகால வி.எஃப்.களில் கேப்பும் ஹெட்டும் தனித்தனியாகக் குடையப்பட்டன. உற்பத்தி வேகம், செலவு மிச்சம். விளைவு, சில ஹெட்டுகளில் தளர்வு அதிகம். இந்த என்ஜின்களைப் பிரித்து மாட்டியவர்களில் பெரும்பாலோர் முக்கியக் காரணமாகச் சொல்வது இதைத்தான். பின்னால் வந்த ஹெட்டுகளை ஹோண்டா சேர்த்தே குடைந்தது. யமஹா போட்டி இல்லாமல் இருந்திருந்தால் முதலிலேயே அப்படிச் செய்திருப்பார்களா? செய்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

வேடிக்கை என்னன்னா, இதே பைக்கின் ரேஸ் வடிவத்தில்தான் ஃப்ரெடி ஸ்பென்சர் 1985 டேடோனா 200 பந்தயத்தை ஜெயித்தார். ரேஸ் டீமுக்கு ஒவ்வொரு ஹெட்டையும் அளந்து பார்க்க ஆள் இருக்கு, நேரம் இருக்கு. கடனில் வண்டி வாங்கி ஆபீஸ் போறவருக்கு வாரன்டி முடியும் தேதிதான் இருக்கு.

1986இல் வி.எஃப்.ஆர்.750 வந்தது. அதில் கேமைச் சுழற்ற செயினே இல்லை, முழுக்க கியர். பழைய வண்டிகளில் செயின் டென்ஷனரும் தொல்லை கொடுத்ததால் அதற்குக் காரணம் உண்டு. ஆனா கேம் குழி விழுந்தது செயினால் அல்ல. என் பார்வையில் கியர் என்பது பாதி இன்ஜினியரிங், பாதி மன்னிப்புக் கடிதம். "இந்தத் தடவை செலவைப் பார்க்கலை"ன்னு வாடிக்கையாளர் காதில் விழுற மாதிரி சொன்னாங்க. நிஜமாவே காதில் விழுந்தது. அந்த கியர்களின் ஊளைச் சத்தத்துக்கே தனி ரசிகர் கூட்டம் உருவாச்சு. அதே வழியில் வந்த ஆர்.சி.30இல் ஃப்ரெட் மெர்கல் 1988, 1989 இரண்டு வருஷமும் உலக சூப்பர்பைக் பட்டம் வாங்கினார்.

2002இல் வி.எஃப்.ஆர்.800க்கு விடெக் வந்தப்போ ஹோண்டா சத்தமில்லாம செயினுக்கே திரும்பிடுச்சு. கியர் ஊளை போச்சேன்னு ரசிகர்கள் இன்னும் புலம்பறாங்க.

என் வண்டிக்கு இப்போ மூணாவது கேம், இரண்டு புது பேரிங். குழி விழுந்த இரண்டு பழைய கேமும் என் மேஜையில், மானிட்டருக்குக் கீழே இருக்கு.